வலியவன் முன்னேறி வரும்போது

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவன் எழுதிய கடிதம் சென்ற வாரம் நம் கைக்குக் கிட்டியது. கொப்பித் தாளில் நான்கு பக்கம். அடுத்த மாதம் அவன் குத்துச்சண்டை மேடை ஏற இருக்கிறான். எதிரியாக வாய்த்திருப்பவனோ சாமானியன் அல்லன். மணி அடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு, இரு கைகளாலும் அடித்தவாறே முன்னேறி வருகிறவன். கடைசியாக மோதிய இருவரையும் முதற் சுற்றிலேயே மேடையை விட்டு இறக்கியவன். "அவனுடைய கைப்பலம் எனக்கு இல்லை. ஆனால் ஓட வல்லேன், மூச்சும் உண்டு. முகம்மது அலியைப் போலக் கயிற்றில் சாய்ந்துகொள், அவன் அடித்து அடித்துக் களைத்துப் போவான் என்று அண்ணன் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?" என்பது கேள்வி. கடிதத்தின் அடியில் வேறொரு மையினால் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. அது தாயார் கேட்கச் சொன்ன கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் அண்ணனைக் கவனிப்போம். அவர் சொல்வது வெறுங்கதை அன்று. 1974 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள், அன்று ஸயர் என்று வழங்கிய நாட்டின் தலைநகராகிய கின்ஷாசாவில், விடியற்காலை நான்கு மணியளவில் நடந்த சண்டை அது. அலிக்கு வயது 32. எதிரே நின்ற ஜோர்ஜ் ஃபோர்மனுக்கு 25. ஃபோர்மன் அதுவரை மோதிய நாற்பது சண்டைகளிலும் வென்றவர். அவற்றுள் முப்பத்தேழில் எதிரி இறுதிவரை நிற்கவில்லை. அலியையே தோற்கடித்த ஜோ ஃபிரேஸியர், கென் நோர்ட்டன் என்ற இருவரையும் இவ்விரண்டு சுற்றுக்குள் முடித்தவர். அலி உயிரோடு இறங்கினாற் போதும் என்று அவருடைய நண்பர்களே கலங்கியிருந்த நேரம்.

இரண்டாம் சுற்றிலிருந்து அலி கயிற்றில் சாய்ந்தார். முகத்தையும் விலாவையும் கைகளால் மூடிக்கொண்டார். தளர்ந்திருந்த கயிறு அவரைப் பின்னுக்கு வளைய விட்டதால், ஃபோர்மனின் குத்துகளிற் பல தலைக்கு எட்டாமல் தோளிலும் கையிலும் இறங்கின. அந்த வெப்பத்தில், அடித்தவரே வியர்த்து ஓய்ந்தார். எட்டாம் சுற்றின் கடைசி விநாடிகளில் அலி கயிற்றை விட்டு வெளியே வந்து தொடர்ந்து சில குத்துகள் விட்டார். மலை சாய்ந்தது.

உலகம் வியந்தது நியாயமே. ஆனால் தம்பி, அண்ணனிடம் ஒரு கணக்குக் கேள். அலி வென்றது எத்தனையாவது சுற்றில்? எட்டாவதில். உனக்குக் கிடைக்கும் சுற்றுகள் எத்தனை? மூன்று. அவையும் வயதுக்கேற்ப இரண்டு அல்லது மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நீ கயிற்றில் சாய்ந்து எதிரி களைக்கட்டும் என்று காத்திருந்தால், அவன் களைப்பதற்குள் மூன்றாவது மணி அடித்துவிடும். பாடசாலைப் போட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவனுக்குப் பத்துப் புள்ளி, மற்றவனுக்கு அதனிலும் குறைவு. கயிற்றோரம் முகத்தை மூடிக்கொண்டு நிற்பவனுக்கு எந்த நடுவர் பத்து இடுவார்? அதற்கு மேலும், பதிலடி கொடுக்காமல் அடி வாங்குகிறவனைக் கண்டால் நடுவர் இடைமறித்து எட்டுவரை எண்ணுவார். மீண்டும் அப்படியே நின்றால் சண்டையையே நிறுத்திவிடுவார். அது அவருடைய கடமை.

கின்ஷாசாவில் அலி எண்ணிச் செய்த இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகின்றனர். முதற் சுற்றில் அவர் கயிற்றை நம்பி நிற்கவில்லை. நடுமேடையில் நின்று, இடக்கையை விட்டு ஆழம் பார்க்காமல், எடுத்த எடுப்பில் வலக்கையால் நேரே முகத்தில் குத்தினார். வலியவனுக்கு நேரே வலக்கையை முதலில் விடுவது ஆபத்தான காரியம், யாரும் எதிர்பாராதது. அந்தத் துணிவினால் எதிரியின் நிதானத்தைக் குலைத்த பின்னரே கயிற்றுக்குப் போனார். அதைச் சொல்லாமல் கயிற்றை மட்டும் சொல்வது, கறியில் உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சமையல் என்பதைப் போன்றது.

அலி அன்று வாங்கிய அடிகளுக்கும் பின்னாளில் வாங்கிய அடிகளுக்கும் விலை கொடுத்தார். 1984 இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறி இருப்பதாக மருத்துவர்கள் அறிவித்தனர். அந்நோய்க்கு அடிகள் மட்டுமே காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் 2016 இல் மறையும் வரை, உலகம் போற்றிய அந்த நாவும் கைகளும் நடுங்கி ஒடுங்கியதை எல்லாரும் கண்டனர். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தைப் பின்பற்றச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே அண்ணன் அறியாத வேறொருவரை உனக்கு அறிமுகம் செய்கிறோம். பெயர் ஜீன் டன்னி. அமெரிக்கர். அவர் எதிர்கொண்ட ஜாக் டெம்ப்ஸி, உன் எதிரியின் பாட்டனார் என்று சொல்லத்தக்கவர். 1919 இல், ஆறடி ஆறங்குல உயரமுள்ள ஜெஸ் வில்லார்டை முதற் சுற்றிலேயே ஏழு முறை தரையிற் கிடத்திப் பட்டம் பறித்த மனிதர் டெம்ப்ஸி. குனிந்து, அசைந்து அசைந்து உட்புகுந்து, இடக்கை வளைகுத்தினால் ஆளைத் தூக்கி எறிவது அவர் முறை.

1921 ஜூலையில் ஜெர்சி சிட்டி நகரில் டெம்ப்ஸி பிரெஞ்சு வீரர் கார்ப்பன்டியேயுடன் மோதினார். அதே மேடையில், அதற்கு முன் நடந்த உதிரிச் சண்டையொன்றில் கலந்துகொண்ட இளைஞர்தாம் டன்னி. தம் வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை, இருந்து பார்த்தார். நாலாவது சுற்றில் கார்ப்பன்டியே தோற்றார். கூட்டம் டெம்ப்ஸியின் வலிமையைக் கண்டு ஆர்ப்பரித்தது. டன்னி கண்டதோ வேறு. இரண்டாம் சுற்றில் கார்ப்பன்டியேயின் நேர் வலக்கை ஒன்று டெம்ப்ஸியின் கன்னத்தைத் தொட்டது. 'நேராக வரும் வலக்கை இவரைத் தொடும்' என்பதை மனத்திற் குறித்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார்.

அந்த ஐந்து ஆண்டுகளும் பூமாலை சூடிய ஆண்டுகள் அல்ல. 1922 மே மாதம் ஹாரி கிரெப் என்பவரிடம் டன்னி வகையாக அகப்பட்டுக்கொண்டார். கிரெப் எடையிற் குறைந்தவர்; ஆனால் ஓயாது அடித்துக்கொண்டே வருகிறவர். முதற் சுற்றிலேயே டன்னியின் மூக்கு உடைந்தது. பதினைந்து சுற்றும் இரத்தம் வழிய நின்று தோற்றார். அவர் தம் வாழ்நாளில் கண்ட தோல்வி அது ஒன்றே. மறுபடி அதே கிரெப்பைச் சந்தித்தபோது, முகத்தைத் தேடிக் கை நீட்டாமல், உட்புகுந்து வருகிறவரின் நெஞ்சுக்கூட்டின் கீழே குத்தினார்; பின்னர் ஒருநாளும் அவரிடம் தோற்கவில்லை. கையின் எலும்புகள் உறுதிப்படவும் உடல் தேறவும் என்று, தாம் யார் என்பதை வெளியிற் சொல்லாமல், கனடா நாட்டு ஒன்டாரியோக் காட்டில் ஒரு குளிர்காலம் மரம் வெட்டும் கூலியாளாகவும் இருந்திருக்கிறார். கவ்வாத்துக் கத்தியும் முள்ளும் பிடித்துக் காய்த்துப்போன கைகளை ஒவ்வொரு லயத்திலும் காணும் நம் வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

டெம்ப்ஸியைச் சந்திக்கப் போகிறோம் என்று அறிந்ததும் டன்னி செய்த பயிற்சியைக் கேட்டு அக்காலத்தவர் நகைத்தனர். சாலையில் ஓடும்போது அவர் பின்னோக்கி ஓடிப் பழகினார். முன்னேறி வருகிறவனுக்கு எதிரே, பின்னோக்கிப் போகும் கால்கள்தாம் வாழ்வா சாவா என்பதைத் தீர்க்கும் என்று அவர் கணித்திருந்தார். 1926 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில், ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில், பத்துச் சுற்றுகள் டெம்ப்ஸியைத் தொட்டுத் தொட்டு விலகி, புள்ளிக் கணக்கிற் பட்டத்தை வென்றார். சண்டை தொடங்கியதும் பின்வாங்குவதுபோற் போக்குக் காட்டி, டெம்ப்ஸி பாய்ந்து வந்த கணத்தில் நேர் வலக்கையைக் கன்னத்தெலும்பில் இறக்கினார். ஐந்தாண்டுக்கு முன் குறித்துக்கொண்ட அதே குத்து.

மறு ஆண்டு சிகாகோவில் மீண்டும் மோதினர். ஏழாம் சுற்றில் டன்னி விழுந்தார். விழுத்தியவர் தூரத்து மூலைக்குப் போக வேண்டும் என்பது விதி. டெம்ப்ஸி போகத் தாமதித்தார். ஆகையால் நடுவர் எண்ணத் தொடங்கியதும் தாமதம். டன்னி ஏறத்தாழ பதினான்கு விநாடி தரையில் இருந்தார் என்று இன்றளவும் வாதிடுகின்றனர். அந்த வாதம் கிடக்கட்டும். எழுந்ததும் டன்னி என்ன செய்தார் என்பதே நமக்கு வேண்டியது. ஆத்திரப்பட்டுத் திருப்பி அடிக்கப் போகவில்லை. பழகிய கால்கள் பின்னோக்கி வட்டமிட்டன. டெம்ப்ஸி துரத்தித் துரத்திச் சலித்தார். எட்டாம் சுற்றில் டெம்ப்ஸியே ஒருமுறை விழுந்தெழுந்தார். முடிவில் வெற்றி டன்னிக்கு.

இப்போது உன் மலைக்கு வருவோம், தம்பி. கொழுந்துக் கூடையோடு ஏற்றத்தில் நேரே ஏறுகிற ஒருவரையாவது கண்டிருக்கிறாயா? சரிவைக் குறுக்கே வெட்டி, ஒருபுறமாகச் சாய்ந்து, திரும்பி, மறுபுறமாகச் சாய்ந்தே ஏறுவர். நேரே ஏறினால் மலை வெல்லும். மேடையிலும் அதே நியாயம். எதிரி நேரே வரும்போது நீ நேரே பின்வாங்கினால், அவன் ஓட்டத்துக்கு நீயே பாதை போட்டுக் கொடுத்தவனாவாய். மூன்றாம் அடியில் முதுகில் கயிறு இடிக்கும். ஓரடி பின்னே வை. அடுத்த அடியைப் பக்கவாட்டில் வை. அவனுக்கு வலக்கை கனமானால் உன் வலப்புறமாக நகர். டெம்ப்ஸியைப் போல இடக்கை வளைகுத்துக் கனமானால் உன் இடப்புறமாக நகர். ஆனால் எப்போதும் ஒரே பக்கம் வட்டமிடாதே. கெட்டிக்காரன் ஒரு நிமிடத்தில் அதைக் கண்டுகொண்டு குறுக்கே வந்து மறித்துவிடுவான்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வைத்திருப்பதை நீ பாடசாலையிற் படித்திருப்பாய். பாய்வதற்கு முன் பின்வாங்கும் ஆட்டுக்கடாவைக் காலமறிதலிலும், சேற்றிற் கால் புதைந்த யானையை நரி கொல்வதை இடனறிதலிலும் சொல்கிறார். அடித்தே முன்னேறுகிறவனுக்குச் சேறு எது? அவன் திரும்பும் கணம். வேரூன்றி நிற்கும்போதுதான் அவன் குத்தில் உடம்பு முழுவதன் பாரமும் இருக்கும். நீ பக்கவாட்டில் நகர்ந்ததும் உன்னைத் தேடி அவன் காலை மாற்றி வைக்க வேண்டும். அந்த அரை விநாடி அவன் கைகளில் வெறுங்கை வலிமையே இருக்கும். நீ குத்த வேண்டியது அப்போது.

எதனாற் குத்துவது? இடக்கையை நேரே நீட்டிக் குத்துவதே உன் பிழைப்பு. நேர்க்குத்து குறுகிய வழியிற் போகும், வளைகுத்து சுற்றிவரும். இருவரும் ஒரே வேளையில் விட்டால் நேர்க்குத்தே முதலிற் சேரும். மேலும் அவன் முன்னேறி வருகிறவன் ஆதலால், உன் குத்தோடு அவன் வேகமும் சேர்ந்துகொள்ளும். ஒன்று விட்டு நின்று பார்க்காதே; இரண்டு விட்டு விலகு. நம்மவர்களிற் பலர் இங்கேதான் தவறுகின்றனர். நல்ல குத்து ஒன்று பட்டதும், அதன் அழகை இரசித்துக்கொண்டு அதே இடத்தில் நிற்பார்கள். அந்த இடத்துக்குத்தான் அடுத்த வளைகுத்து வரும்.

விலக முடியாதபடி அவன் நெருங்கிவிட்டால்? அரைக் கைத்தூரத்தில் நிற்பதே எல்லாவற்றிலும் கேடு. அங்கேதான் அவன் கை முழுப் பலத்தோடு வேலை செய்யும். ஒன்று முழுத் தூரம் போ. அல்லது இன்னும் நெருங்கித் தோளோடு தோள் ஒட்டிக்கொள். ஒட்டிக்கொண்டால் வளைகுத்துக்கு இடமில்லை. அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம்; ஆனால் நடுவர் ஓரளவுக்கே அதைப் பொறுப்பார், அடிக்கடி செய்தால் எச்சரிப்பார். ஆகையால் அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்.

வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக்கென்றே பரம்பரைகள் வாழ்ந்ததை, 2021 இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தின் பின் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அறிவர். நாட் டெரி என்ற வெள்ளையரைக் கித்தேரி முத்து வென்ற கதை அங்கே இன்றும் சொல்லப்படுகிறது. அந்தப் படத்தில் டான்சிங் ரோஸ் என்ற பாத்திரத்தின் காலாட்டத்தைக் கண்டு இளைஞர்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். சிரிக்க வேண்டியதில்லை. மிகையை நீக்கிவிட்டுப் பார்த்தால், அந்தக் கால்களுக்குள் நாம் மேலே சொன்ன பாடம் முழுதும் இருக்கிறது. மேடைக் கூத்தை மட்டும் விட்டுவிடு. கையைத் தொங்கவிட்டு ஆடுவதற்கு உனக்கு இன்னும் பத்து வருடப் பயிற்சி வேண்டும். இந்தத் தீவுக்கும் இக்கலையில் ஒரு பெருமை உண்டு. இன்று காமன்வெல்த் விளையாட்டு எனப்படும் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கப் பதக்கம், 1938 இல் சிட்னி நகரில் பார்னி ஹென்ரிகஸ் குத்துச்சண்டையிற் பெற்றதே.

பயிற்சியைப் பற்றி இரண்டு சொல். டன்னியைப் போல நீயும் பின்னோக்கி ஓடிப் பழகு. ஆனால் பாடசாலை மைதானத்தில், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க ஓடு. தேயிலை மலையில் ஓடினால் எதிரிக்கு முன் கான் உன்னை விழுத்திவிடும்! உன் மூச்சைப் பற்றி நீ பெருமைப்படுவது சரியே. நாலாயிரம் அடிக்கு மேலே, மெல்லிய காற்றில், நாள்தோறும் படியேறிப் பாடசாலை போகிறவன் நீ. நுவரெலியாப் பிள்ளைகள் அதற்கும் மேலே, ஆறாயிரம் அடியில் வாழ்கிறவர்கள். எனினும் போட்டி கொழும்பில் என்றால் ஏமாந்துவிடாதே. அங்கே காற்றுக்குக் குறைவில்லை, வெக்கைதான் பகை. குளிரிற் பழகிய உடம்பு அந்தப் புழுக்கத்தில் முதற் சுற்றிலேயே வியர்த்துச் சோரும். முடிந்தால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். எடை குறைக்கவென்று தண்ணீர் குடியாமல் இருக்கும் மூடத்தனத்தைச் செய்யவே கூடாது. உன் எதிரிக்கும் ஒரு தொல்லை உண்டு: காற்றில் விட்ட குத்து, பட்ட குத்தைவிட ஆளை அதிகமாகக் களைக்கச் செய்யும். முதல் ஒரு நிமிடம் அவனைத் தவறவிடு. இரண்டாம் சுற்றில் அவன் தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதை நீயே காண்பாய்.

இனித் தாயாரின் கேள்வி. "பிள்ளைக்குத் தாங்காமற் போனால் சண்டையை நிறுத்துவது யார்?" இந்த ஒரு வரிதான் நான்கு பக்கத்திலும் நம்மை அதிக நேரம் யோசிக்க வைத்தது. அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் இடையே வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு தாய், தோல்வி வந்தால் என்ன என்று கேட்கவில்லை. யார் பொறுப்பு என்று கேட்கிறார்.

அம்மா, நடுவர் நிறுத்தலாம். மேடையருகே இருக்கும் மருத்துவர் சொல்லி நிறுத்தலாம். அவர்களுக்கும் முன்பாக, பிள்ளையின் மூலையில் நிற்கும் பயிற்சியாளர் நிறுத்தலாம். 1975 அக்டோபர் முதலாம் நாள் மணிலாவில் அலியும் ஃபிரேஸியரும் மூன்றாம் முறை மோதினர். பதினான்கு சுற்று முடிந்தது. எஞ்சியது ஒரேயொரு சுற்று. ஃபிரேஸியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. அலியின் வலக்கை வருவதே அவருக்குத் தெரியவில்லை. அவருடைய பயிற்சியாளர் எடி ஃபச், இனிப் போக வேண்டாம் என்றார். ஃபிரேஸியர் மறுத்தார், மன்றாடினார். ஃபச் இணங்கவில்லை. மறு மூலையில் அலியும் எழ முடியாத நிலையில் இருந்தார் என்று பின்னர் பேசப்பட்டது. அந்த ஒரு சுற்றை விட்டிருந்தால் வென்றிருக்கலாமே என்று ஃபச்சைக் குறை கூறியவர்களும் உண்டு. அவர் எடுத்த முடிவு சரியே என்பது நம் கருத்து.

தலைக்கவசம் அணிந்தால் ஆபத்தில்லை என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். புருவம் கிழிவதை அது குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. டன்னிக்கே டெம்ப்ஸியுடனான இரண்டாம் சண்டைக்கு முன், பயிற்சியின்போது தலையில் விழுந்த அடியொன்றினால் நினைவு தடுமாறியது. அந்த அச்சமே விரைவில் ஓய்வு பெறும் எண்ணத்தை அவருக்கு ஊட்டிற்று. 1928 இல், பட்டம் கையிலிருக்கும்போதே, இனிக் கையுறை அணிவதில்லை என்று விலகினார். அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரைப் பற்றி மாணவர்களுக்கு உரையாற்றினார். எண்பத்தொரு வயது வரை வாழ்ந்தார்.

தம்பி, பயிற்சியில் தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ வாந்தியோ கண்மங்கலோ வந்தால் மறைக்காமற் சொல். சொன்னால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்களே என்று அஞ்சாதே, நீக்கட்டும். போட்டிக்கு முதல் நாள் மாலை உன் ஆசிரியரிடம் போய், எந்த நிலையில் அவர் நிறுத்துவார் என்பதை நீயே கேள். முழங்கால் மடிந்தாலா, பதிலடி நின்றுபோனாலா, பெயரைக் கேட்டால் உடனே சொல்லத் தெரியாவிட்டாலா? இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேடையில் ஆயிரம் பேர் கூச்சலிடும்போது அதைப் பேச முடியாது. துவாய் யார் கையில் இருக்கும் என்பதையும் அறிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் புறப்படு.